குருச்சேத்திரத்தின் மறுநாள்

1920ஆம் ஆண்டு சனவரித் திங்களில், 'யங் இந்தியா' இதழின் பக்கங்களில் இரு பெருந்தலைவர்கள் கருத்து மோதினர். ஒருவர் பாலகங்காதர திலகர், மற்றவர் காந்தியடிகள். அரசியலில் எல்லா வழிகளும் ஏற்புடையனவே என்பது திலகரின் கொள்கை எனக் காந்தியடிகள் எழுதியிருந்தார். திலகர் அதை மறுத்து மடல் விடுத்தார். அரசியல் உலகியல் மாந்தரின் களமேயன்றித் துறவியரின் களம் அன்று என்றார் அவர். சினத்தைச் சினமின்மையால் வெல்லச் சொன்ன புத்தரின் நெறியைவிட, தன்னை எவர் எவ்வாறு அணுகுகின்றனரோ அவ்வாறே அவரை ஏற்பதாகக் கண்ணன் கீதையில் கூறும் நெறியே தமக்கு உவப்பானது என்றும் எழுதினார். இவ்வுலகம் துறவியருக்கு உரியதன்று எனக் கருதுவது சிந்தனைச் சோம்பல் என்று காந்தியடிகள் மறுமொழி தந்தார். அதே ஆண்டு ஆகஸ்டு முதல் நாளன்று திலகர் மறைந்தார். ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும் அந்நாளில்தான்.

இவ்விருவரும் கீதையைத் தம் வாழ்வின் வழிகாட்டியாகக் கொண்டவர்கள். இருவரும் அதற்கு விளக்கம் எழுதியவர்கள். தேவை நேரின் படைக்கலம் ஏந்தியும் கடமை ஆற்றலாம் என்று ஒருவர் அந்நூலில் கண்டார். எந்நிலையிலும் உயிர்க்கொலைக்கு இடமில்லை என்று மற்றவர் அதே நூலில் கண்டார். ஒரே நூல் இருவேறு திசைகளைக் காட்டுமா? போரையும் கடமையையும் பற்றி இந்துச் சிந்தனை உண்மையில் என்னதான் கூறுகிறது? நம் அண்டை வீட்டாரின் உள்ளத்தை அறிய விழையும் எவரும் கேட்டாக வேண்டிய வினா இது. நம் நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் இவ்வினாவுக்குச் சிலர் அளித்த விடை உயிர்களைப் பலிகொண்டிருப்பதால், வெறும் ஏட்டறிவுக்காக மட்டும் கேட்கப்படும் வினாவாகவும் இது நின்றுவிடவில்லை.

அறத்தோடு அறம் மோதும்போது

'தருமம்' என்னும் சொல்லைத் தமிழில் ஒரே சொல்லால் பெயர்ப்பது கடினம். அறம், கடமை, முறைமை, ஒழுங்கு ஆகிய பொருள்கள் அனைத்தும் அதில் அடங்கும். பண்டைய நூல்கள் தருமத்தை இரு நிலைகளில் பேசுகின்றன. கொல்லாமை, வாய்மை, சினமின்மை, கள்ளாமை போன்றவை மாந்தர் அனைவருக்கும் பொதுவான தருமம். அவரவர் பிறந்த வருணத்துக்கும் வாழும் நிலைக்கும் ஏற்ப வகுக்கப்பட்டது தன் தருமம், அதாவது 'சுவதருமம்'. ஆட்சியும் போரும் சத்திரியனின் சுவதருமம் எனக் கொள்ளப்பட்டன. போரில் புறங்காட்டாது மடியும் மன்னன் விண்ணுலகு எய்துவான் என்று மனுநூல் உரைக்கிறது.

இவ்விரு தருமங்களும் ஒன்றோடொன்று மோதும்போது என் செய்வது? அருச்சுனன் வில்லை நழுவவிட்டுத் தேர்த்தட்டில் அமர்ந்ததன் பொருள் இதுவே. அவனைக் கோழை என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆசான்களையும் உறவினரையும் கொன்று பெறும் அரசு எதற்கு என்று அவன் கேட்கிறான். குலம் அழிந்தால் குலத்தின் அறமும் அழியும் என்று வாதிடுகிறான். அறத்தின் பெயராலேயே அவன் போரை மறுக்கிறான். எனவே அவனுக்கு விடையளிக்கும் கண்ணனும் பல படிகளில் பேச வேண்டியிருக்கிறது. உடல் அழியினும் ஆன்மா அழியாது. அறப்போரைக் காட்டிலும் சத்திரியனுக்கு மேலான நன்மை வேறில்லை. வினையின் பயனில் பற்று வையாது வினையாற்றுக. இறைவனின் கைக்கருவியாய் நில். மகாபாரதத்தின் பீஷ்ம பருவத்துள் பதினெட்டு இயல்களாக, ஏறத்தாழ 700 பாக்களில் விரியும் கீதை இந்த விடைகளின் தொகுப்பு. அதே நூல் பதினாறாம் இயலில் தெய்வப் பண்புகளை எண்ணும்போது கொல்லாமையையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்க்கிறது. முரண்போல் தோன்றும் இந்த இடத்தில்தான் பின்வந்த உரைகாரர் அனைவரும் நின்று தயங்கினர்.

போருக்கும் வரம்பு உண்டு

போரைச் சத்திரியனின் கடமையாக்கிய மரபு, அதற்கு வரம்பும் வகுத்தது. நஞ்சு தோய்த்த அம்பும் மறைத்து வைத்த படைக்கலமும் ஆகா; உறங்குபவன், கைகூப்பியவன், படைக்கலம் இழந்தவன், வேடிக்கை பார்ப்பவன், வேறொருவனோடு பொருதுகொண்டிருப்பவன் ஆகியோரைத் தாக்கலாகாது என்று மனுநூல் விதிக்கிறது. இன்சொல், கொடை, பிரித்தாளுதல் ஆகிய வழிகளை முதலில் நாட வேண்டும் என்றும், போரில் வெற்றி உறுதியற்றது என்றும் அந்நூல் எச்சரிக்கிறது.

மைசூரில் 1905இல் சாமா சாத்திரியாரின் கைக்கு வந்து 1909இல் அச்சேறிய கௌடில்யரின் அர்த்தசாத்திரம், அறநூல் என்பதைவிட அரசியல் நூல் என்றே சொல்லத் தகும். நஞ்சு, ஒற்று, இரகசியக் கொலை ஆகியவற்றையும் அது தயக்கமின்றி விளக்குகிறது. ஆயினும் அமைதியாலும் போராலும் கிடைக்கும் பயன் ஒன்றேயாயின் அமைதியையே தேர்க என்று அந்நூலும் கூறுகிறது. உயிரிழப்பும் பொருட்செலவும் போரோடு ஒட்டிப் பிறந்தவை அல்லவா? பணிந்தால் போதும் என அமையும் அறவெற்றியாளன், நிலமும் பொருளும் கவரும் ஆசை வெற்றியாளன், உயிரையும் மனைவி மக்களையும் பறிக்கும் அசுர வெற்றியாளன் என வெல்வோரை மூவகையாக அது பிரிக்கிறது. கி.மு. 300 அளவில் பாடலிபுத்திரத்துக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகசுதனீசு, படைகள் பொருதுகொண்டிருக்கும் வேளையிலும் அருகே உழவர் தீங்கின்றி உழுதுகொண்டிருப்பர் என்று வியந்து குறித்துள்ளார். நடைமுறை எப்போதும் அவ்வாறு இருந்ததா என்பது வேறு. அத்தகைய எதிர்பார்ப்பு ஒன்று அந்நாளில் நிலவியது என்பதே நாம் கருதத்தக்கது.

நடைமுறை வேறாகவும் இருந்தது என்பதற்குக் கலிங்கம் சான்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் தம் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் 1,00,000 பேர் மாண்டதையும் 1,50,000 பேர் நாடு பெயர்க்கப்பட்டதையும் குறிப்பிட்டு, தம் கழிவிரக்கத்தையும் கல்லில் பொறித்தார். அவர் புத்தநெறியைத் தழுவியவர். எனினும் வென்றபின் வருந்தும் பேரரசர் ஒருவரின் நினைவு, பாரதத்தில் தருமனின் பாத்திரப் படைப்பில் நிழலாடுவதாக ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

வரம்பு மீறிய பதினெட்டு நாள்

மகாபாரதத்தை முழுமையாகக் கற்போர் ஒன்றை உணர்வர். அக்காப்பியம் போரைக் கடைசி வழியாகவே காட்டுகிறது. கண்ணனே தூது செல்கிறான். பாதி நாடு வேண்டாம், ஐந்து ஊர்களேனும் போதும் என்று பாண்டவர் இறங்கி வருகின்றனர். ஊசிமுனை அளவு நிலமும் தரேன் என்று துரியோதனன் மறுத்த பிறகே படைகள் அணிவகுக்கின்றன. போர் தொடங்குமுன் இரு தரப்பும் விதிகளை ஒப்புக்கொள்கின்றன. தேரோன் தேரோனோடும், யானை வீரன் யானை வீரனோடும் பொருத வேண்டும். படையைவிட்டு விலகியோரையும் முரசறைவோரையும் தேர்ப்பாகரையும் தாக்கலாகாது.

பின் என்ன நிகழ்கிறது? சிகண்டியை முன்னிறுத்திப் பீஷ்மரை வீழ்த்துகின்றனர். தனித்துச் சிக்கிய இளைஞன் அபிமன்யுவைப் பல தேர்வீரர்கள் சூழ்ந்து கொல்கின்றனர். பொய்யே சொல்லாத தருமனின் வாயிலிருந்து வந்த அரைப்பொய் துரோணரின் உயிரைக் குடிக்கிறது. தேர்ச்சக்கரம் புதைந்து நிற்கும் வேளையில் கர்ணன் வீழ்கிறான். இடைக்குக் கீழே அடிக்கலாகாது என்ற கதைப்போர் விதியை மீறி வீமன் துரியோதனனின் தொடையை முறிக்கிறான். விழுந்து கிடக்கும் துரியோதனன் இவ்வஞ்சகங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணனிடம் எடுத்துரைக்கும்போது வானிலிருந்து பூமாரி பொழிகிறது. வென்றவர்கள் நாணித் தலைகுனிகின்றனர். தோற்ற பகைவன்மீது பூமாரி பொழியச் செய்யும் துணிவு அக்காப்பியத்துக்கு இருந்தது. அன்றிரவே அசுவத்தாமன் பாசறையில் புகுந்து, உறங்குவோரைக் கொன்று குவிக்கிறான். பதினெட்டு அக்குரோணிப் படையில் எஞ்சியவர் பாண்டவர் தரப்பில் எழுவர், கௌரவர் தரப்பில் மூவர்.

இவை அனைத்தும் கீதையைக் கேட்ட பிறகு நிகழ்ந்தவை என்பதை நாம் மறத்தலாகாது.

பெண்களின் அழுகை

அந்நாளைய வட ஆர்க்காடு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்தவன் நான். எங்கள் கோவில் தெருவுக்கு அப்பால் திரௌபதி அம்மன் கோவில் இருந்தது. ஆண்டுதோறும் கோடையில் அங்குப் பாரதம் படிப்பர். இரவில் கூத்து நிகழும். இறுதியில் படுகளம். களிமண்ணால் வனைந்த துரியோதனன் பேருருவம் திடலில் படுத்திருக்கும். வீமன் வேடமிட்டவர் அதன் தொடையில் அடிப்பார். அம்மனின் கூந்தல் முடிக்கப்படும். வெற்றி ஆரவாரத்தோடு விழா முடிந்துவிடும் என்று சிறுவனாகிய நான் எண்ணியிருந்தேன். ஆனால் அதன்பின் காந்தாரி வேடமிட்டவர் அந்த மண்ணுருவத்தின் அருகே அமர்ந்து ஒப்பாரி வைத்தார். என்னருகில் நின்ற மூதாட்டி ஒருவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கெட்டவனுக்காக ஏன் பாட்டி அழுகிறீர்கள்?" என்று கேட்டேன். "அவனும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே, தம்பி" என்றார் அவர்.

பல்லாண்டு கழித்தே அம்மூதாட்டியின் சொல்லின் ஆழம் எனக்குப் புரிந்தது. தமிழில் பெரிதும் பயிலப்படும் வில்லிபுத்தூராரின் பாரதம் பத்துப் பருவங்களோடு, இரவுப் படுகொலையைக் கூறும் சௌப்திக பருவத்தில், முடிந்துவிடுகிறது. வடமொழி மூலத்தில் அதை அடுத்து வருவது பெண்களின் பருவமான திரீ பருவம். கண்ணைக் கட்டிக்கொண்டு வாழ்ந்த காந்தாரி அருட்பார்வை பெற்றுப் போர்க்களத்தைக் காண்கிறாள். நாயும் நரியும் இழுக்கும் உடல்களிடையே தம் கணவரையும் மக்களையும் தேடி அலையும் பெண்களை ஒவ்வொருவராகச் சுட்டிக் கண்ணனிடம் காட்டுகிறாள். தடுக்க வல்லவனாய் இருந்தும் தடுக்காது விட்டாய் என்று கண்ணனையே பழித்து, உன் குலமும் இவ்வாறே அழியும் எனச் சபிக்கிறாள். முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து அச்சாபம் பலிக்கிறது. வில்லியார் பாடாது விட்ட அந்த அழுகையை எங்கள் ஊர்க் கூத்து தன் வழியில் பாடிக் காட்டியது.

நீர்க்கடன் செலுத்தும் வேளையில், கர்ணன் தன் மூத்த மகன் என்று குந்தி வெளிப்படுத்துகிறாள். உடன்பிறந்தவனைக் கொன்று பெற்ற அரியணை எனக்கு வேண்டா என்று தருமன் காட்டுக்குச் செல்லத் துணிகிறான். தனக்குக் கிட்டிய வெற்றி தோல்வியாகவே தெரிகிறது அவனுக்கு. தம்பியரும் திரௌபதியும் முனிவரும் கண்ணனும் மாறி மாறித் தேற்றுகின்றனர். அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மர் அரசநெறி உரைக்கிறார். பாரதத்தின் மிகப் பெரிய பருவமாகிய சாந்தி பருவம், வென்ற ஒருவனின் துயரை ஆற்றுவதற்காகவே எழுந்தது எனலாம்.

உரைகளின் வரலாறு

கீதைக்கு எழுந்த உரைகளின் வரலாறும் நமக்கு ஓர் உண்மையைப் புலப்படுத்துகிறது. ஆதிசங்கரர் அதில் ஞானத்தையும், திருப்பெரும்பூதூரில் தோன்றிய இராமானுசர் பக்தியையும் தலையாயதாகக் கண்டனர். வீடுபேறே அவர்களுடைய நாட்டம். போர்க்களம் அவர்களுக்கு உபதேசம் நிகழ்ந்த இடம், அவ்வளவே. சார்லசு வில்கின்சு 1785இல் கீதையை ஆங்கிலத்தில் பெயர்த்த பின்னர் அது உலகறிந்த நூலாயிற்று. அடிமைப்பட்ட நாட்டில் அதைப் படித்தோர் புதியதொரு வினாவை எழுப்பினர்: அநீதியான ஆட்சியை எதிர்த்துப் படைக்கலம் ஏந்தலாமா?

1897 சூன் திங்களில் புனேயில் நிகழ்ந்த சிவாசி விழாவில், அப்சல்கானைச் சிவாசி கொன்றதைப் பற்றித் திலகர் பேசினார். தன்னலம் கருதாது பொதுநலம் நாடிச் செய்தவனைப் பழி சாராது என்று கீதையைத் துணைக்கு அழைத்தார். அப்பேச்சு சூன் 15ஆம் நாள் 'கேசரி'யில் வெளிவந்தது. ஒரு வாரத்தில், சூன் 22ஆம் நாள் இரவு, பிளேக் தடுப்புப் பணியின் கொடுமைக்காக வெறுக்கப்பட்ட அதிகாரி ராண்டைச் சாபேக்கர் உடன்பிறப்புகள் சுட்டனர். அக்கொலையில் திலகருக்குப் பங்கு இருந்ததாக எவரும் மெய்ப்பிக்கவில்லை. எனினும் அவருடைய எழுத்து அரசத் துரோகம் எனத் தீர்ப்பாகி, அவருக்கு 18 மாதச் சிறை விதிக்கப்பட்டது. 1908இல் முசாபர்பூரில் ஆங்கில நீதிபதிக்கு வைத்த குறி தவறி, பெண்கள் இருவர் குண்டுக்கு இரையாயினர். அதையொட்டி எழுதிய கட்டுரைகளுக்காகத் திலகர் மீண்டும் ஆறாண்டுத் தண்டனை பெற்று மாண்டலே சிறைக்கு அனுப்பப்பட்டார். அங்கு 1910-11 குளிர்காலத்தில் பென்சிலால் எழுதிய 'கீதா இரகசியம்' 1915இல் வெளிவந்தது. துறவைவிடச் செயலே மேல் என்பது அந்நூலின் மையக் கருத்து. வங்காளத்து இரகசியச் சங்கங்களில் சேர்ந்த இளைஞர்கள் கீதையைச் சான்றாக வைத்து உறுதிமொழி ஏற்றனர்.

புதுச்சேரியில் தங்கியிருந்த ஆண்டுகளில் கீதையைத் தமிழாக்கிய பாரதியார் வேறொரு விளக்கம் தந்தார். கீதையைக் கொலைக்குத் தூண்டும் நூல் எனக் கருதுவது அறியாமை என்றார். துரியோதனன் கூட்டம் என்பது காமம், சினம், சோம்பல், கவலை முதலிய தீய எண்ணங்கள், அருச்சுனன் உயிர், கண்ணன் இறைவன் என்று உருவகமாக விளக்கினார். அதே புதுவையில் அரவிந்தர் எழுதிய கீதைக் கட்டுரைகளோ, குருச்சேத்திரத்தை வெறும் உருவகமாக்கிவிட முடியாது, அது மெய்யான போரே என்று வலியுறுத்தின.

1889 அளவில் இலண்டனில், எட்வின் ஆர்னால்டின் மொழிபெயர்ப்பு வழியே கீதையை முதன்முதலில் கற்றார் காந்தியடிகள். அவருடைய குசராத்தி மொழிபெயர்ப்பாகிய 'அநாசக்தி யோகம்' 1930 மார்ச்சு 12ஆம் நாள், தண்டி நடைப்பயணம் தொடங்கிய அன்று, வெளிவந்தது. பயனில் பற்றை முற்றும் துறந்தவன் எப்படிப் பொய் சொல்வான், எப்படிக் கொலை செய்வான் என்பதே அவருடைய வாதம். கீதையை எழுதியவர் போரை ஏற்றிருக்கக்கூடும். ஆனால் அவருடைய போதனையை நேர்மையாக வாழ்ந்து பார்ப்பவன் கொல்லாமையையே வந்தடைவான் என்றார். பாரதத்தின் முடிவு போரின் வெறுமையைக் காட்டுவதையும் அவர் சுட்டிக்காட்டினார். 1932இல் துலே சிறையில் கீதைப் பேருரை நிகழ்த்திய வினோபா, அருச்சுனனின் தயக்கம் கொல்லாமையால் எழுந்ததன்று என விளக்க ஓர் உவமை கூறினார். பலருக்குத் தூக்குத் தண்டனை விதித்த நீதிபதி, தம் மகனே குற்றவாளியாக வந்து நிற்கும்போது மட்டும் தூக்குத் தண்டனையின் தீமையைப் பேசத் தொடங்கினாராம்!

மாற்றுக் குரலும் ஒலித்தது. ஆன்மா அழியாது என்பதைக் காட்டிக் கொலைக்கு நியாயம் கற்பிப்பதை அம்பேத்கர் கடுமையாகச் சாடினார். பிறப்பால் கடமையை வகுக்கும் வருண முறைக்கு மெய்யியல் அரண் அமைப்பதே கீதையின் நோக்கம் என்று அவர் எழுதியவை, அவர் மறைந்து பல்லாண்டு கழிந்து 1987இல் அச்சேறின. கடமை எது என்று கேட்குமுன் அதை வகுத்தவர் யார் என்று கேட்கவேண்டும் என்பதை அவர் நமக்குக் கற்பிக்கிறார்.

1948 சனவரி 30ஆம் நாள், கீதையின் நிலைபெற்ற அறிவினன் பற்றிய பாக்களை நாள்தோறும் வேண்டலில் ஓதி வந்த முதியவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் நீதிமன்றத்தில் அளித்த வாக்குமூலத்தில் இராமனையும் கண்ணனையும் அருச்சுனனையும் தன் செயலுக்குத் துணையாக அழைத்தான். 1920இல் ஏட்டில் எழுந்த வினா, அந்த மாலை வேளையில் குருதியில் வந்து நின்றது.

எஞ்சி நிற்பது

இதைக் கூறும்போது நாம் நீதிபதியின் இருக்கையில் அமர்ந்துவிடக் கூடாது. மலைப்பொழிவைக் கையில் ஏந்திய நம் மரபும் 1095இல் கிளெர்மோந்தில் சிலுவைப் போருக்கு அறைகூவல் விடுத்ததுதான். முறையான அதிகாரம், நீதியான காரணம், நேரிய நோக்கம் என நீதிப்போருக்குப் புனித அக்குவினாசு தோமா வகுத்த வரம்புகளும் எத்தனையோ முறை மீறப்பட்டன. அத்தகைய வரம்புகளைக் காட்டி ஒரு போரை நியாயப்படுத்துவது இன்று மிகக் கடினம் என்று திருத்தந்தை பிரான்சிசு 2020இல் எழுதினார். அந்த இடத்தை வந்தடைய நமக்கும் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

இந்துச் சிந்தனை போரைப் போற்றுகிறதா, வெறுக்கிறதா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடையில்லை. அது கடமையை வலியுறுத்துகிறது; கடமைக்கு வரம்பு கட்டுகிறது; வரம்பு உடைவதை மறைக்காது காட்டுகிறது; உடைந்தபின் எழும் அழுகையையும் பதிவு செய்கிறது. ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுத்துக் கொடியாகப் பிடிப்போரிடமே ஆபத்து உள்ளது.

பாரதத்தின் பிற்பகுதியில் நெஞ்சைத் தொடும் இரு காட்சிகள் உள்ளன. போர் முடிந்து அமைதி நிலவும் நாளில் அருச்சுனன் கண்ணனிடம், களத்தில் நீ உரைத்ததை மறந்துவிட்டேன், மீண்டும் சொல் என்கிறான். அதை அவ்வாறே மீண்டும் உரைக்க இயலாது என்று கடிந்துகொள்கிறான் கண்ணன். மற்றது, தருமனின் அசுவமேத வேள்வி முடியும் வேளை. பாதி உடல் பொன்னான கீரி ஒன்று வேள்விச் சாலையில் வந்து புரள்கிறது. மறுபாதி பொன்னாகவில்லை. முன்பு இதே குருச்சேத்திரத்தில் ஏழை அந்தணன் ஒருவன், ரூத்தைப் போல் வயலில் சிந்திய தானியத்தைப் பொறுக்கி வாழ்ந்தான். பஞ்ச காலத்தில் தனக்கும் மனைவிக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் இருந்த மாவு முழுவதையும் பசித்து வந்த விருந்தினனுக்கு அவர்கள் ஈந்தனர். அம்மாவின் துகள் பட்டே கீரியின் பாதி உடல் பொன்னாயிற்று. பேரரசனின் வேள்வி அந்த ஒருபடி மாவுக்கு ஈடாகாது என்று சொல்லிவிட்டு அது மறைந்துபோகிறது.

படைகள் அணிவகுத்த அதே மண்ணில், பசித்தவனுக்குத் தன் பங்கை எடுத்து நீட்டிய நான்கு பேரின் கடமையையும் அக்காப்பியம் நினைவில் வைத்திருக்கிறது. எங்கள் ஊர் மூதாட்டி அதைப் படித்தவர் அல்லர். ஆயினும் வீழ்ந்தவனுக்காகக் கண்ணீர் விட அவருக்கு எவரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.